ஜப்பான் தூண்டிலை நான் ரிப்பேர் செய்த விதம்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு இருபத்துநான்கு வயது வரை தெரியாது. யாராவது வழி கேட்டால் உடனே கையை நீட்டிவிடுவேன் (அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்பது அவர்கள் பாடு). யார் வீட்டிலாவது ரேடியோ கரகரத்தால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "வால்வு போயிடுச்சு" என்பேன். கைக்குள் அடங்குகிற டிரான்சிஸ்டரில் வால்வு ஏது என்று யாராவது கேட்டிருந்தால், "இது புது மாடல்" என்று சொல்லியிருப்பேன்.

1991இல் இந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்தது. காரணம், வேலை கிடைத்திருந்தது. ஒரகடம் பக்கத்தில் ஸ்பிரிங் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில், ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். ஸ்டோர்ஸ் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல். அந்தப் பக்கம் நின்று "பத்து நட்டு குடுப்பா" என்பார்கள். இந்தப் பக்கம் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நட்டை எதில் மாட்டுவார்கள், எந்தப் பக்கம் திருகுவார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாத விஷயம். ஆனால் குன்றத்தூரில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது ஒரு ஸ்பேனரைச் சட்டைப் பையில் தெரிகிற மாதிரி செருகிக்கொண்டுதான் நுழைவேன்.

அதே கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள் ஸ்டெல்லா. வடக்குப்பட்டுப் பெண். கேன்டீனில் பேச ஆரம்பித்து, பேச்சு நிற்காமல் போய், கடைசியில் இரண்டு பேரும் வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. என் வீட்டில் அம்மா மட்டும்தான். "பொண்ணு உன்ன கட்டிக்க ஒத்துக்கிச்சா? நல்லா யோசிச்சு சொல்லிச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அம்மா சம்மதித்துவிட்டார். ஸ்டெல்லாவின் அப்பா, "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வரச் சொல்லு, பாக்கலாம்" என்று சொல்லியனுப்பினார்.

அவர் பெயர் தேவசகாயம். பல வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஊர் திரும்பியவர். உலகமெல்லாம் சுற்றியவர் வீட்டுக்கு என்று ஆசையாக வாங்கி வந்தது ஒன்றே ஒன்று. ஜப்பானில் வாங்கிய தூண்டில். ஊரில் எல்லோரும் மூங்கில் கழியில் நரம்பைக் கட்டி ஏரியில் போடுவார்கள். இவருடையது ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி நாரில் செய்த கம்பு, கருநீலம், அடியில் ரீல், நைலான் நரம்பு ஓடுவதற்கு வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள், நடுவில் கழற்றி இரண்டு துண்டாக மடித்து உறையில் போட்டுவிடலாம். அதை யாரும் தொடக்கூடாது. "என்ன தூக்கி வெச்சுகினத விட அத தூக்கி வெச்சுகினதுதான் அதிகம்" என்று ஸ்டெல்லாவே சொல்லியிருக்கிறாள்.

நான் புதிதாகத் தைத்த பேண்ட்டும், வழித்துச் சீவிய தலையுமாகப் போய் நின்ற ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. தேவசகாயம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவின் அம்மா ரோசம்மா அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, உங்கப்பாவுக்கு காப்பி வோணுமான்னு கேளு."

"ஸ்டெல்லா, எனுக்கு வோணான்னு சொல்லு."

ஆறடி தூரத்தில் இருந்த இருவருக்கும் நடுவில் ஸ்டெல்லா தபால்காரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் இதுதான். முந்தின நாள் தேவசகாயம் வெளியே போயிருந்த சமயம், ரோசம்மாவுக்குச் சாம்பாருக்கு முருங்கைக்காய் தேவைப்பட்டிருக்கிறது. காய்கள் உச்சியில். துறட்டியைக் காணோம். கைக்கு அகப்பட்டது ஜப்பான் தூண்டில். மூன்று காய் வரைக்கும் தாக்குப்பிடித்த தூண்டில், நான்காவதில் மேல் துண்டின் நடுவே முறிந்து, நார் நாராகத் தொங்கிவிட்டது. ஒரு வளையமும் எங்கோ தெறித்துப் போயிற்று.

தேவசகாயம் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னிக்கு ஒண்ணும் பேசற மாரி இல்ல தம்பி. இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார். ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. இன்னொரு நாள் என்றால் எந்த நாள்? அந்த மாதம்தான் அவளுக்கு வேறொரு இடமும் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை ரயில்வேயில் இருந்தான்.

அங்கேதான் என் வியாதி எனக்கு முன்னால் எழுந்து நின்றது.

"குடுங்க சார், நான் பாக்கறேன்" என்றேன்.

"உனுக்கு இது தெரியுமா?"

"எங்க ஃபேக்டரில இது மாதிரி எத்தனையோ பாத்திருக்கேன் சார். அடுத்த ஞாயித்துக்கெழம ரெடி."

(பொய் இல்லை. உடைந்த சாமான்கள் எத்தனையோ பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி.)

தேவசகாயம் அந்தத் தூண்டிலை உறையோடு என் கையில் கொடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஒப்படைப்பவர்கள்தான் அப்படிக் கொடுப்பார்கள்.

அந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். காலை நேரம் முழுக்க என்னுடையது. முதல் நாள் முறிந்த இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். நார்த்தூள் பறந்தது. ஊதினேன். லுங்கியில் துடைத்தேன். தூண்டில் கம்பின் தூள் உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்பது அன்று மத்தியானம் ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்றபோது தெரிந்தது. கழுத்து, இடுப்பு, சபையில் சொல்லக்கூடாத இடங்கள் எல்லாம் அரிக்க ஆரம்பித்தன. நட்டு வாங்க வந்தவர்கள் நான் ஒரு கையால் எண்ணி மறுகையால் சொறிவதைப் பார்த்து, எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு ஓடினார்கள். சூப்பர்வைசர் தூரத்தில் நின்றபடியே, "தொத்து வியாதியாயிருந்தா லீவு போட்டுடுப்பா" என்றார்.

மறுநாள், கம்பின் உள்ளே ஒரு இரும்புக் குச்சியைச் செருகினால் எலும்புக்குக் கட்டுப் போட்ட மாதிரி நிற்கும் என்று யோசனை வந்தது. (இப்போதும் சொல்கிறேன், யோசனை நல்ல யோசனைதான்.) அந்த அளவுக்கு மெல்லிய கம்பி வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அம்மாவின் குடையில்.

"டேய், மழ வந்தா நான் இன்னாத்த புடிக்கறது?"

"ஒரு கம்பிதானேம்மா. குடைக்கு எட்டு கம்பி கீது."

"உனுக்குந்தான் ரெண்டு கண்ணு கீது. ஒண்ண எடுத்துக்கட்டா?"

அம்மா பேசி முடிப்பதற்குள் கம்பியை வெட்டி எடுத்துவிட்டேன். அடுத்தது பசை. கடையில் சிறிய அட்டைப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். உள்ளே இரண்டு டியூப். ஒன்றில் 'ரெசின்' என்று போட்டிருந்தது, மற்றதில் 'ஹார்டனர்'. நான் ஆங்கிலம் படித்தவன் அல்லவா? ஹார்ட் என்றால் கடினம். ஆகவே அது இரும்பு, கருங்கல் போன்ற கடினமான பொருளுக்கு. நம்முடையது லேசான கம்பு. முதல் டியூபே போதும். இரண்டாவதைப் பத்திரமாக அலமாரியில் வைத்தேன், பிற்காலத்தில் இரும்பு ஏதாவது உடைந்தால் உதவுமே என்று.

முதல் டியூப் முழுவதையும் பூசி, கம்பியைச் செருகி, நூல் சுற்றி வைத்தேன். மறுநாள் காலை தொட்டுப் பார்த்தால் பலாப்பழம் அறுத்த கை மாதிரி பிசுபிசு. வெயிலில் வைத்தேன், இன்னும் இளகியது. ஈ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த ஈ எழுந்திருக்கவில்லை. அதைப் பார்க்க வந்த இன்னொரு ஈயும் எழுந்திருக்கவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் புடிக்கும்னு சொன்ன. ஈ புடிக்குது" என்றார்.

அப்போதுதான் அட்டைப் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். அதில் படமே போட்டிருந்தது. இரண்டு டியூப், இரண்டிலிருந்தும் இரண்டு புழுக்கள் மாதிரி பசை வெளியே வந்து ஒன்றாகக் கலக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் படம். எனக்கு மட்டும் ஆங்கிலம் தெரிந்துவிட்டதால் புரியவில்லை.

ஈக்களையும் பழைய பசையையும் மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டி எடுத்து, புதிதாக ஒரு பெட்டி வாங்கி வந்து, இந்தத் தடவை இரண்டையும் சரிபாதியாகக் கலந்தேன். (கலந்தது அம்மாவின் இட்லித் தட்டில் ஒரு குழியில். அந்தக் குழியில் அதன் பிறகு இட்லி வேகவில்லை.) குடைக்கம்பியை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் அழுத்திச் சேர்த்து, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேலும் பசையைத் தடவினேன். தொலைந்த வளையத்துக்குப் பதிலாக அம்மாவின் ஊக்கு ஒன்றை வளைத்துக் கட்டினேன். நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பொருத்தியபோது, அந்த இணைப்பு கொஞ்சம் லொடலொட என்று ஆடியது. கேட்டது ஒரு ரிப்பேர். செய்வது இரண்டாக இருக்கட்டும், மாமனார் அசந்துபோவார் என்று அங்கேயும் தாராளமாகப் பசையை ஊற்றினேன்.

கழற்றி மாட்டுவதற்காகவே ஜப்பான்காரன் வைத்த இணைப்பு அது என்பது அந்தக் கணத்தில் எனக்கு நினைவில்லை.

இப்போது முழு நீளத் தூண்டில் எங்கள் ஒற்றை அறையில் படுக்கவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை. அடிப்பாகத்தைக் கட்டில் காலில் இறுக்கிக் கட்டி, மேல்பாதியை ஜன்னல் வழியே வெளியே நீட்டி, காயட்டும் என்று விட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் ஒரே சந்தோஷம். கல்யாணத்துக்கு யாரையெல்லாம் கூப்பிடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். தூண்டில் இருந்தது. ஆனால் முன்பாதி தெருவை நோக்கித் தலைவணங்கிக் கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜெயா அக்கா சந்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"நீ புதுசா கொடி கட்டிக்கீறேன்னு நெனச்சேம்பா. என் சேலையும் ரெண்டு பாவாடையும் போட்டேன். நல்லா காஞ்சுது. தெனமும் நீட்டி வைப்பியா?"

ஜெயா அக்காவின் ஈரச்சேலையின் கனத்தோடு பசை கல்லாக இறுகியிருந்தது. வளைத்துப் பார்த்தேன், வெந்நீர் ஊற்றினேன், கடைசியில் மாதாவை வேண்டினேன். அசையவில்லை. கழற்றிப் பார்க்கலாம் என்றால் இணைப்பும் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான ஒட்டு அதுதான். அது வளைந்த இடத்திலும் வேண்டாத இடத்திலுமாக அமைந்துவிட்டது.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. தூண்டிலை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். குறிப்பிட்ட ஒரு பக்கமாகப் பிடித்து நேராகப் பார்த்தால் வளைவு தெரியவே இல்லை. அந்தப் பக்கமாகவே கொண்டுபோய், அந்தப் பக்கமாகவே கையில் கொடுத்து, அவர் திருப்புவதற்குள் கல்யாணத் தேதியைப் பேசி முடித்துவிட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் போய் இன்னொரு பஸ் மாற வேண்டும். மடிக்க முடியாத, வளைந்த தூண்டிலோடு கூட்டத்தில் நிற்பது எப்படி என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. நுனி ஒரு அம்மாவின் பூக்கூடைக்குள் போய் ஒரு முழம் கதம்பத்தோடு வெளியே வந்தது.

"இன்னாய்யா இது, ஒட்டடக் குச்சியா?" என்றார் கண்டக்டர்.

"ஜப்பான் தூண்டில்" என்றேன் மரியாதையை விடாமல்.

"ஜப்பான்ல மீனு மூலைக்குள்ள ஒளிஞ்சுகினு இருக்குமா? இம்மாம் வளைவு வெச்சிக்கீறான்?"

வடக்குப்பட்டு போய்ச் சேர்ந்தபோது தேவசகாயம் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சரியான பக்கமாகப் பிடித்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அட, நேரா கீதே!" என்றார். முகமெல்லாம் மலர்ந்தது. வாங்கினார். வாங்கின கையால் ஒரே ஒரு திருப்புத் திருப்பினார்.

ஸ்டெல்லா கூரையைப் பார்த்தாள். தேவசகாயம் நுனியைப் பார்த்தார்; அடியைப் பார்த்தார்; மறுபடி நுனி எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தார். பிறகு, ஒருவேளை துண்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ, இணைப்பைப் பிடித்து முறுக்கினார். மூச்சைப் பிடித்து முறுக்கினார்.

"தம்பி, இது ஏன் கழல மாட்டுது?"

"அது... கொஞ்சம் ஆடிக்கிட்டு இருந்துச்சு சார். அதையும் ஸ்ட்ராங் பண்ணிட்டேன்."

அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ரோசம்மா அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்து நேராகப் பேசினார்.

"எங்கிட்ட மட்டும் ஒரு வாரமா மூஞ்சி திருப்பிக்கினு இருந்தியே! நான் ஒடச்சாலும் ஒடச்சது ஒரு எடத்துல. இந்தப் புள்ள ஒடயாத எடத்தயும் வுடல பாரு!"

தேவசகாயம் அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவரின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பை அடக்க, "சரி வா, ஏரில போட்டுப் பாக்கலாம். வேல செய்தா இல்லயான்னு தெரிஞ்சுடும்" என்று எழுந்துவிட்டார். ரோசம்மாவும் கூடவே வந்தார். "இத பாக்காம எப்புடி?" என்றார். ஸ்டெல்லா என் பக்கத்தில் நடந்தபடி, "ஒரு வார்த்த, தெரியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்தாள்.

ஏரியில் தண்ணீர் குறைந்து, கரையோரமெல்லாம் சேறாக இருந்தது. தேவசகாயம் மண்புழுவை மாட்டி, தூண்டிலை வீசினார். அவர் எதிரே பார்த்து வீசினார். புழு இடதுபக்கம் போய் விழுந்தது. "நீ இனிமே வலதுபக்கம் பாத்து வீசு. சரியாப் பூடும்" என்றார் ரோசம்மா. கரையில் நின்ற இரண்டு பேர் தங்கள் மூங்கில் கழிகளைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவர்களே வாயடைத்துப் போகும்படி, நரம்பு திடீரென்று விறைத்தது. மீன்! கம்பு வளைந்தது. அதாவது, ஏற்கெனவே வளைந்திருந்தது இன்னும் வளைந்தது. "பெருசு! பெருசு!" என்று கத்திக்கொண்டே தேவசகாயம் ரீலைச் சுற்ற, 'டப்' என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் கையில் பாதித் தூண்டில்தான் இருந்தது. நான் ஒட்டிய இடம் விடவில்லை. உள்ளே குடைக்கம்பி எங்கே முடிந்ததோ அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிப் புதிதாக முறிந்திருந்தது. முறிந்த முனை நரம்பையும் அறுத்துவிட்டது. அறுந்த நரம்பு நான் மாட்டிய ஊக்கில் சிக்கிக்கொள்ள, ஜப்பான் தூண்டிலின் மேல்பாதி மீனோடு சேர்ந்து ஏரிக்குள் பயணம் புறப்பட்டது.

அதைப் பார்த்த தேவசகாயத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. யோசிக்கவும் இல்லை. புது பேண்ட்டோடு ஏரிக்குள் குதித்தேன்.

"உனுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கத்தினாள் ஸ்டெல்லா.

"தெரியாது!" என்று கத்தினேன்.

(வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சேறு இடுப்புக்கு வந்தபிறகு வந்த ஞானம்.)

நல்லவேளை, தண்ணீர் மார்புக்கு மேல் இல்லை. முன்னால் ஊக்கு மாட்டிய கம்பு ஓட, பின்னால் நான் விழுந்து எழுந்து துரத்தினேன். ஒரு கட்டத்தில் பாய்ந்து பிடித்தேன். நரம்பைக் கையில் சுற்றி இழுத்தேன். வந்தது ஒரு விரால். முழங்கை நீளம் இருக்கும். கட்டி அணைத்துக்கொண்டேன். அது வாலால் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்தது. எனக்கு அது வேண்டியதுதான். கரைப்பக்கம் திரும்பி நடக்கப் பார்த்தால் கால் வரவில்லை. ஒரு காலை எடுத்தால் மறுகால் இறங்கியது.

"ஆடாத! அப்படியே நில்லு!" தேவசகாயம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றின் விளிம்புக்கு வந்தார். கையிலிருந்த அடிக்கம்பை நீட்டினார். "இத புடி. கெட்டியா புடிச்சுக்க. மீன வுட்டுத் தொலடா!"

"விட மாட்டேன் சார்!"

ஒரு கையில் விராலும் மறுகையில் கம்புமாக நான் தொங்க, அவர் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தார். அவர் இடுப்பை ரோசம்மா பிடித்துக்கொண்டார், ரோசம்மாவை ஸ்டெல்லா. 'சளக்' என்று ஒரு சத்தத்தோடு நான் வெளியே வந்தேன். செருப்பு இரண்டும் ஏரிக்குச் சொந்தமாயின. தலையிலிருந்து கால்வரை சேறாகக் கரையில் கிடந்த என்னையும், என் நெஞ்சில் துள்ளிய விராலையும் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாண்ணே, இன்னா மாட்டிச்சு?" என்று ஒருவர் ஓடி வந்தார்.

தேவசகாயம் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் உடைந்து சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பில் கைவைத்து, குனிந்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"மாப்ள மாட்டிக்கிச்சுப்பா" என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் எழுந்து உட்கார்ந்தேன். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோசம்மா விராலைத் தூக்கிக் கனம் பார்த்து, "வூட்டுக்கு வா தம்பி, குளிச்சிட்டு சாப்புடு. கொழம்பு வெக்கறேன்" என்றார். அன்று தேவசகாயத்தின் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்ட விரால் குழம்பில் முருங்கைக்காயும் மிதந்தது. தேவசகாயம் அதை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

அந்த வருஷமே எங்கள் கல்யாணம் நடந்தது. வந்தவர்களிடமெல்லாம் மாமனார் என்னைக் காட்டி, "இவுரு நாங்க தேடிப் புடிச்ச மாப்ள இல்ல, தூண்டி போட்டு புடிச்ச மாப்ள" என்று அறிமுகம் செய்தார். அன்றிலிருந்து வடக்குப்பட்டில் எனக்குப் பெயர் விரால் மாப்பிள்ளை. என் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கள்கூட உறையின் மேல் அதையே எழுதிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் எங்கள் பெண்ணைக் கட்டிக்கொள்ள விரும்பும் பையன் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை. மாமனாருக்கு இப்போது காது மந்தம். மூலை நாற்காலியில் உட்கார்ந்து பையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்தோம். பேச்சு நின்று நின்று வந்தது. மேலே ஃபேன் கடகட என்றது. பையன் நிமிர்ந்து பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அங்கிள், அந்த ஃபேன நான் வேணா பாக்கட்டுமா? சின்ன ப்ராப்ளம்தான்."

ஸ்டெல்லா, என் பெண், ரோசம்மா அத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் "வேணாம்!" என்று கத்திவிட்டார்கள். கத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பையன் பாவம், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று விழித்தான். மாமனார் என் பக்கம் குனிந்து, "இன்னாவாம்?" என்றார். அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன். கேட்டதும் பல்லில்லாத வாயைத் திறந்து அப்படியொரு சிரிப்பு.

நான் மட்டும் எழுந்து உள்ளே போனேன். ஸ்க்ரூடிரைவரையும் ஸ்டூலையும் கொண்டுவந்து பையனுக்கு முன்னால் வைத்தேன்.

ஃபேன் இன்றுவரை ஓடவில்லை. கல்யாணம் தை மாதம்.